பழைய ஸ்பிரிங் காலிப்பரில் அளவெடுக்கும் முறை

குன்னூர், கோத்தகிரி பக்கம் தேயிலை ஃபேக்டரிப் பட்டறைகளில், டிஜிட்டல் வெர்னியர் வந்த பிறகு, நட்டைத் திருகி இரண்டு கால்களை விரித்துச் சுருக்கும் ஸ்பிரிங் காலிப்பரை எடுப்பவர்கள் குறைவு. ஆனால் வெர்னியரின் தாடை எட்டாத இடத்தில் இதன் வளைந்த கால்கள் எட்டும். எண் எதையும் காட்டாது. ஓரிடத்து அளவைப் பிடித்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகும், அவ்வளவுதான்.

முதலில் கைப்பதம். வெளி விட்டம் அளக்கும் அவுட்சைடு காலிப்பரை ஷாஃப்டுக்கு (சுழல் தண்டுக்கு) குறுக்கே நேராகப் பிடித்து, நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். காலிப்பர் தன் எடையிலேயே ஷாஃப்டைத் தாண்டி மெல்ல இறங்க வேண்டும். அழுத்தித் தள்ளினால் கால்கள் விரிந்து, வெளியே எடுத்ததும் சுருங்கிவிடும். அளவு குறைவாக வரும். ஓடுகிற லேத்தில் வைக்கவே கூடாது, பிடுங்கி வீசிவிடும்.

உள் விட்டம் அளக்கும் இன்சைடு காலிப்பரில் ஒரு காலைத் துளையின் சுவரில் ஊன்றி, மறுகாலைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டே திறக்க வேண்டும். பக்கவாட்டு ஆட்டம் ஏறக்குறைய நின்று, முன்பின்னாக ஆட்டும்போது ஒரே இடத்தில் லேசாக உரசினால் அதுதான் விட்டம். ஸ்கேலில் வைத்துப் பார்த்தால் அரை மில்லிமீட்டர் வரை நம்பலாம். மைக்ரோமீட்டருக்கு மாற்றிப் பார்த்தால் பழகிய கை 0.05 மி.மீ.க்குள் பிடிக்கும்.

அவுட்சைடு காலிப்பரின் முக்கியமான வேலை, பேரிங் சீட் (ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடம்) தேய்மானம் பார்ப்பது. பிளம்மர் பிளாக்கில் (பேரிங்கைத் தாங்கும் கூட்டில்) இன்னர் ரேஸ், அதாவது பேரிங்கின் உள் வளையம், ஷாஃப்டின் மேல் வழுக்கிச் சுற்றினால் சீட் தேயும். பக்கத்தில் தேயாத அதே விட்டப் பகுதியில் காலிப்பரைப் பதம் வைத்து, அப்படியே சீட்டுக்கு நகர்த்துங்கள். மூன்று இடங்களில், ஒவ்வோர் இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு முறை பாருங்கள். தொளதொளவென்று விழுந்தால், கால் நுனிக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே ஃபீலர் கேஜின், அதாவது கனம் குறித்த மெல்லிய தகடுகளின், இதழ்களைச் செருகிப் பாருங்கள். பழைய பதம் எந்த இதழில் திரும்ப வருகிறதோ, அதுதான் விட்டத்தில் தேய்ந்த அளவு. 6206 பேரிங் என்றால் சீட் 30 மி.மீ. இருக்க வேண்டும், கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் வரும் கணக்கு. தேய்ந்த சீட்டில் சென்டர் பஞ்ச் என்னும் கூர்முனைக் கருவியால் புள்ளி குத்தி பேரிங்கை இறுக்குவது பரவலான வழக்கம், வீண் வேலை. புள்ளிகளின் முனை நசுங்கியதும் பழையபடி சுற்றும். வெல்டிங் ஏற்றிக் கடைவதுதான் சரி.

டிரையர் பக்கத்து ஷாஃப்டைச் சூட்டோடு அளக்காதீர்கள். 60 டிகிரியில் இருக்கும் 50 மி.மீ. ஷாஃப்ட், 20 டிகிரியில் இருப்பதைவிட 0.02 மி.மீ.க்கு மேல் பருத்திருக்கும்.

தோட்டத்துத் தண்ணீர் லைனிலும் இது உதவும். மண்ணில் புதைந்த பைப்பைப் பாதி விட்டம்வரை தோண்டினால் போதும், கால்கள் இருபுறமும் இறங்கிவிடும். வீட்டு பிளம்பிங்கில் போடும் 2 இன்ச் யூ.பி.வி.சி. பைப்பின் வெளி விட்டம் 60.3 மி.மீ.; விவசாயத்துக்குப் போடும் பி.வி.சி. 63 மி.மீ. சேறு பூசிக் கிடக்கும்போது கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கப்ளிங் மாறினால் மறுபடியும் மேட்டுப்பாளையம் இறங்க வேண்டியதுதான்.

உதடு உள்ள பைப்பின் உட்பக்கச் சுவர் கனத்தை அளக்க ஒரு வழி உண்டு. காலிப்பரின் ஒரு காலை உள்ளே விட்டு, வெளிக்காலுக்கும் சுவருக்கும் நடுவே 10 மி.மீ. கம்பித் துண்டை வைத்துப் பதம் பிடியுங்கள். துண்டை உருவிவிட்டால் காலிப்பர் உதட்டைத் தாண்டித் தாராளமாக வெளியே வரும். கால் நுனிகளின் இடைவெளியை அளந்து 10-ஐக் கழியுங்கள். துருப்பிடித்த பழைய லைனை மாற்றலாமா, இன்னும் ஒரு மழைக்காலம் தாங்குமா என்று இதில் தெரிந்துவிடும்.

லேத் கடை கீழே இருந்தால் காலிப்பரைப் பதத்தோடு பஸ்ஸில் கொண்டுபோகாதீர்கள். குலுக்கலில் நட்டு நகரும். துளையின் அளவு என்றால் 2 நூல் (கால் இன்ச்) கம்பியை வெட்டி, இரு முனையையும் உருட்டையாக அராவி, துளைக்குள் அதே பதத்தில் உரசும்வரை குறைத்துக்கொண்டே வாருங்கள். கம்பியில் பேரையும் தேதியையும் குத்திக் கொடுத்தால் கடைக்காரருக்கு வேறு எதுவும் தேவையில்லை.

பழையதை வாங்கும்போது இரண்டு நுனிகளும் நேருக்கு நேர் சேருகின்றனவா, மேல் முனையில் ஆட்டம் உண்டா என்று பாருங்கள். ஆட்டம் இருந்தால் வாங்க வேண்டாம். தேயிலைச் சாறு பட்ட கையால் தொட்டால் இரும்பு கறுத்துப் போகும். வேலை முடிந்ததும் துடைத்து, மெஷின் ஆயில் தடவி, மூடும் பெட்டியில் வையுங்கள். பனிமூட்டக் காலத்தில் திறந்த டிராயரில் கிடந்தால் நுனியில்தான் முதலில் துரு ஏறும்.