ஒரே டிவிடி டிரைவ், கடையிலுள்ள எல்லாக் கம்ப்யூட்டருக்கும்

எங்கள் ஸ்டுடியோவுக்கு இன்றும் பழைய கல்யாண டிவிடியைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். எடிட்டிங் நடக்கும் புதுக் கம்ப்யூட்டர்களில் டிஸ்க் போடும் இடமே கிடையாது. பில் போடும் மேஜையிலுள்ள பழைய கம்ப்யூட்டரில் மட்டும் டிவிடி ரைட்டர் இருக்கிறது. அதை நெட்வொர்க்கில் ஷேர் செய்துவிட்டால், பென் டிரைவோடு மேஜைக்கு மேஜை நடக்க வேண்டாம்.

எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே ரௌட்டரில் இருக்கட்டும். விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க் வகை ‘பிரைவேட்’ என்று இருக்க வேண்டும். ‘ஃபைல் அண்டு பிரிண்டர் ஷேரிங்’கையும் ஆன் செய்யுங்கள். பிறகு டிரைவ் உள்ள கம்ப்யூட்டரில் ‘திஸ் பிசி’யைத் திறந்து, டிவிடி டிரைவில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ஷேரிங், அட்வான்ஸ்டு ஷேரிங். ‘ஷேர் திஸ் ஃபோல்டர்’ கட்டத்தில் டிக் போட்டு, ‘டிவிடி’ போலச் சின்னப் பெயராகக் கொடுங்கள். பெர்மிஷன்ஸில் ‘ரீட்’ மட்டும் போதும். இந்த வழியில் டிஸ்க்கைப் படிக்கத்தான் முடியும், எழுத முடியாது.

அடுத்த கம்ப்யூட்டரில் விண்டோஸ் கீயோடு ஆர் கீயை அழுத்தி, இரண்டு பின்சாய்வுக்கோடு (\ குறி), டிரைவ் உள்ள கம்ப்யூட்டரின் பெயர், மறுபடி ஒரு பின்சாய்வுக்கோடு, ஷேர் பெயர் என்று அடித்து என்டர் தட்டுங்கள். யூசர்நேமும் பாஸ்வேர்டும் கேட்கும். பலர் சிக்குவது இங்கேதான். தினமும் உள்ளே நுழைய அடிக்கும் பின் நம்பர் இங்கே செல்லாது. பாஸ்வேர்டே வைக்காத அக்கவுண்டையும் விண்டோஸ் நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது. பாஸ்வேர்ட் கேட்பதையே நிறுத்திவிடும் வழி எனக்குப் பிடிக்கவில்லை. வாடிக்கையாளருக்கும் கடை வைஃபையைக் கொடுக்கிறோம். டிரைவ் உள்ள கம்ப்யூட்டரில் இதற்கென்றே தனி அக்கவுண்ட் ஒன்று போட்டு, நல்ல பாஸ்வேர்ட் வையுங்கள். அந்தக் கம்ப்யூட்டர் ஸ்லீப்புக்குப் போகாதபடியும் செய்துவிடுங்கள்.

டிஸ்க்கை மாற்றிய பிறகும் பழைய லிஸ்டே தெரிந்தால் எஃப்5 தட்டுங்கள்.

எல்லா டிஸ்க்கும் இப்படி ஓடாது. ஆடியோ சிடியைத் திறந்தால் ஒவ்வொரு பாட்டும் 44 பைட் ஃபைலாகத் தெரியும். அது பாட்டு இருக்கும் இடத்தைக் காட்டும் குறிப்பு மட்டுமே. பாட்டு அதற்குள் இல்லை. டிரைவ் உள்ள கம்ப்யூட்டரிலேயே எம்பி3 ஆக மாற்றிக்கொள்ளுங்கள். கடையில் விற்ற சினிமா டிவிடிகளில் பெரும்பாலும் காப்புப் பூட்டு இருக்கும். பிளேயர் டிரைவோடு நேரடியாகப் பேசித்தான் அதைத் திறக்க வேண்டும். ஷேர் வழியாக அந்தப் பேச்சு நடக்காது. ஸ்டுடியோக்கள் எழுதிக் கொடுத்த கல்யாண டிவிடியில் இந்தப் பூட்டு இருப்பதில்லை. ‘வீடியோ_டிஎஸ்’ ஃபோல்டரை விஎல்சி பிளேயரில் இழுத்துப் போட்டால் படம் ஓடும். டிவிடி வீடியோவுக்கு நொடிக்கு அதிகபட்சம் சுமார் 10 மெகாபிட்தான் தேவை. சுமாரான வைஃபையே தாங்கும்.

ஆனாலும் படம் திக்கித் திணறுகிறதா? நெட்வொர்க்கைக் குறை சொல்லும் முன், அதே ஃபைலை டிரைவ் உள்ள கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். அங்கேயும் நின்றால் டிஸ்க்கில் கீறல். கீறல் விழுந்த இடத்தை டிரைவ் திரும்பத் திரும்பப் படிக்க முயலும்போது ‘கர்ர்’ என்ற சத்தம் கேட்கும். அந்த நேரத்தில் இந்தப் பக்கம், காப்பி எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பச்சைக் கோடு நகராமல் நிற்கும். இரண்டு பேர் ஒரே டிஸ்க்கிலிருந்து காப்பி எடுத்தாலும் இதே கதைதான். லென்ஸ் அங்கும் இங்கும் ஓடியே நேரம் போய்விடும்.

ஆகவே அரிய டிஸ்க் என்றால் ஷேரில் போட்டு வேலை பார்க்காதீர்கள். எழுதிய டிவிடியின் சாயப் பூச்சு வெயிலிலும் சூட்டிலும் கெட்டுப்போகும். ஒரு குடும்பத்திடம் இருக்கும் ஒரே பிரதி அதுவாகவும் இருக்கலாம். டிரைவ் உள்ள கம்ப்யூட்டரிலேயே இம்ஜ்பர்ன் என்ற சாஃப்ட்வேர் கொண்டு ஐஎஸ்ஓவாக (முழு டிஸ்க்கின் பிரதியும் ஒரே ஃபைலில்) எடுத்து, அது இருக்கும் ஃபோல்டரை ஷேர் செய்யுங்கள். மற்றவர்கள் தங்கள் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்து டபுள் கிளிக் செய்தால், விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அது டிஸ்க் போலவே திறக்கும். டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்கும் முன் ஐஎஸ்ஓவைக் கடைசிக் காட்சிவரை ஓட்டிப் பாருங்கள். டிஸ்க்கில் எழுத்து உள்ளிருந்து வெளியே போவதால், நிறைய எழுதிய டிஸ்க்கில் கடைசிக் காட்சிகள் விரல் படும் ஓரத்தில்தான் இருக்கும்.