வண்டி உட்கார்ந்துவிட்டதா? ஏர் சஸ்பென்ஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு டிசம்பர் காலை, அல்சூரில் எங்கள் அடுக்குமாடியின் பேஸ்மென்டில், என் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் முன்பக்க இடது காலை மடக்கி உட்கார்ந்திருந்தது. பஞ்சர் என்று நினைத்து வாட்ச்மேன்தான் மேலே வந்து எழுப்பினார். டயரில் காற்று சரியாக இருந்தது. காற்று போனது அதற்கு மேலே. 2010 மாடல், டபிள்யூ221 வகை, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. தெரிந்த ஒர்க்ஷாப்புக்கு போன் செய்தேன். வண்டியைப் பார்க்காமலே “கம்ப்ரஸர் போயிருக்கும் சார்” என்றார்கள். நானும் சரி என்றேன். புது கம்ப்ரஸர் போட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதே இடது கால் மறுபடி மடங்கியது.

பெங்களூரில் ஏர் சஸ்பென்ஷன் வண்டி வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் இந்த வழியாகத்தான் வருகிறார்கள் என்று நினைக்கிறேன். ஒருமுறை பணம் விட்டதும் கோபத்தில் “எல்லாத்தையும் கழட்டி ஸ்பிரிங் போட்டுடுங்க” என்று சொல்வது அடுத்த கட்டம். ரிப்பேரா, ஸ்பிரிங்கா என்ற கேள்வியே அப்போது தேவையில்லை. காற்று எங்கே போகிறது என்பது தெரிவதற்கு முன்னால் எந்த முடிவு எடுத்தாலும் அது சூதாட்டம்தான்.

காயில் ஸ்பிரிங் இருக்கவேண்டிய இடத்தில் இந்த வண்டிகளில் ஒரு ரப்பர் பை இருக்கிறது. உள்ளே டயரில் இருப்பதைப்போலப் பல மடங்கு காற்றழுத்தம். கம்ப்ரஸர் காற்றை அழுத்தித் தரும், வால்வ் பிளாக் எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு என்று பிரித்துவிடும், வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை சென்சார்கள் பார்த்துக்கொள்ளும். நிறுத்திப் பூட்டியபின் வால்வுகள் மூடிக்கொள்கின்றன. அப்புறம் ராத்திரி முழுக்க கம்ப்ரஸருக்கு வேலையே இல்லை. தூங்கிக்கொண்டிருந்தவன் மேல் திருட்டுப் பழி போடுவதுபோல, ராத்திரியில் வண்டி இறங்கியதற்கு கம்ப்ரஸரைக் குற்றம் சொல்கிறோம். கம்ப்ரஸர் செத்தால் வண்டி மேலே எழாது. நின்ற இடத்தில் இறங்குவதற்குக் காரணம் கசிவு.

ஆனால் கசிவு கம்ப்ரஸரைக் கொல்லும். போகிற காற்றை ஈடுகட்ட அது ஓடிக்கொண்டே இருக்கும், சூடாகும், ஒருநாள் எரிந்துவிடும். அதை இயக்கும் ரிலே என்ற சின்ன மின்சுவிட்சும் ஒட்டிக்கொண்டால் வண்டி நின்றபிறகும் கம்ப்ரஸர் ஓடி பேட்டரியைக் குடித்துவிடும். அதனால் கசிவை அடைக்காமல் கம்ப்ரஸர் மாற்றுவது முதல் தவறு. மாற்றியே ஆகவேண்டும் என்றால் ரிலேயையும் சேர்த்து மாற்றாமல் விடுவது அதற்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு தவறு, ரிலேயின் விலை கம்ப்ரஸர் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்ச டிரையர் ஒன்றும் உண்டு. அதிலுள்ள சிலிக்கா ஜெல் நிரம்பிவிட்டால் ஈரம் வால்வ் பிளாக் வரை போய் அரிக்கும். 2022 செப்டம்பர் மழையில் பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோடு பக்கம் தண்ணீரில் நின்ற வண்டி என்றால் டிரையரையும் வால்வ் பிளாக்கையும் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது இதைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

கசிவைக் கண்டுபிடிக்க முதலில் தேவைப்படுவது தையல்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப். சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து அதற்கு நேர் மேலே வளைந்திருக்கும் ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு மூலையிலும் இரவில் அளந்து எழுதுங்கள். காலையில் கதவைத் திறக்காமல் மறுபடி அளந்து பாருங்கள், திறந்தாலே சில வண்டிகள் தம்மைச் சரிசெய்துகொள்ள ஆரம்பித்துவிடும். ஒரே மூலை மட்டும் இறங்கினால் அந்தப் பையோ, அதற்குப் போகும் குழாயின் இணைப்போ சந்தேகத்துக்குரியது. இரண்டு மூன்று மூலைகள் சேர்ந்தோ, ஒருநாள் ஒருபக்கம் மறுநாள் வேறுபக்கமோ இறங்கினால் வால்வ் பிளாக்கைப் பாருங்கள். அதற்குமேல் பஞ்சர் கடை வித்தைதான்: சோப்புத் தண்ணீரைத் தெளித்து நுரை வருகிறதா என்று பார்ப்பது. சக்கரத்தை முழுக்க இடதும் வலதும் திருப்பிப் பார்க்கவேண்டும். ரப்பர் மடிப்பில் இருக்கும் விரிசல் ஒரு நிலையில் மூடியிருக்கும், இன்னொரு நிலையில் சீறும். குளிர் காலையில் அதிகமாகத் தெரியும் கசிவு பகல் வெயிலில் ஒளிந்துகொள்வதும் உண்டு. பகல் பன்னிரண்டு மணிக்கு பத்து நிமிடம் பார்த்துவிட்டு “எல்லாம் ஓகே” என்று சொன்னால் நம்பாதீர்கள்.

இடையில் ஒன்று. மெர்சிடிஸில் ஏபிசி என்று ஒரு சஸ்பென்ஷன் இருக்கிறது, அது காற்று இல்லை, எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்வது. சில எஸ்எல், சில எஸ் கிளாஸ் வண்டிகளில் அதுதான். ஏர்மேடிக் என்று மெர்சிடிஸ் பெயர் வைத்திருக்கும் ஏர் சஸ்பென்ஷனுக்கான அறிவுரை எதுவும் அதற்குப் பொருந்தாது. உங்கள் வண்டியில் எது என்று முதலில் உறுதிசெய்யுங்கள்.

உட்கார்ந்த வண்டியை “ஒர்க்ஷாப் வரைக்கும்தானே” என்று ஓட்டிப்போவது பெரிய தவறு. காற்றில்லாத பை மடிந்து நசுங்கும், டயர் ஃபெண்டரின் உட்புறத்தில் உரசும், நம் ஊர் ஹம்ப் ஒன்றில் அடிவயிறு இடிக்கும். சின்னக் கசிவோடு கிளம்பிய ஸ்ட்ரட் (பையும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த கால்) போய்ச்சேரும்போது கிழிந்திருக்கும். ஃபிளாட்பெட் லாரிக்குக் கொடுக்கும் காசு வீணல்ல. இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது: ஏர் சஸ்பென்ஷனை நம்பி யாரும் வண்டிக்குக் கீழே கையையோ தலையையோ விடக்கூடாது. சொல்லாமல் கொள்ளாமல் இறங்கும். ஜாக் போடுவதற்கு முன் கம்பெனி புத்தகத்தில் சொன்னபடி உயரத்தைத் தானாகச் சரிசெய்யும் லெவல் கன்ட்ரோலை நிறுத்தவேண்டும், ஸ்டாண்ட் வைக்கவேண்டும். புது ஸ்ட்ரட் மாட்டியதும் காற்று நிரப்பாமல் வண்டியின் பாரத்தை அதன்மேல் இறக்கினால் புது ரப்பர் முதல் நாளே கெடும். அதையும் செய்கிறார்கள்.

பெங்களூரின் உதிரிபாகக் கடைத்தெருவான ஜேசி ரோட்டில் எல்லாம் கிடைக்கும் என்பது உண்மைதான். கிடைப்பதெல்லாம் வாங்கவேண்டியதில்லை. உடைத்த வண்டியிலிருந்து எடுத்த ஸ்ட்ரட்டுக்கும் உங்களுடையதைப் போலவே வயசாகியிருக்கும், ரப்பருக்கு ஓடிய கிலோமீட்டர் மட்டுமல்ல, ஆண்டும் கணக்கு. ரீபில்ட் என்றால் பையை மட்டும் மாற்றினார்களா, உள்ளே இருக்கும் ஷாக் அப்சார்பரையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். பில்ஸ்டீன், ஆர்னாட் போன்றவர்கள் புதிதாகவே செய்து விற்கிறார்கள், ஷோரூம் விலையோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தபிறகு முடிவெடுக்கலாம். சில பிஎம்டபிள்யூ எக்ஸ்5 வண்டிகளில் பின்பக்கம் மட்டும்தான் பை, ஷாக் தனி. அவற்றில் பையை மட்டும் மாற்றினால் முடிந்தது. அதற்குப் போய் ஸ்பிரிங் கன்வெர்ஷன் பேசுபவரிடம் வண்டியைக் கொடுக்கவேண்டாம்.

சரி, ஸ்பிரிங். நான் அதற்கு எதிரியில்லை. வண்டிக்குப் பதினைந்து வயது, நான்கு ஸ்ட்ரட்டும் வெடிப்பு விட்டாயிற்று, வால்வ் பிளாக்கும் சந்தேகம், மொத்த ரிப்பேர் வண்டியின் இன்றைய விலையில் பாதியைத் தொடுகிறது என்றால் ஸ்பிரிங் போடுவது புத்திசாலித்தனம்தான். ஒரே ஒரு கசிவுக்காகப் போடுவதுதான் தவறு. எந்த வண்டி என்பதும் முக்கியம். என் மச்சானின் பழைய க்யூ7 மாடலை ஆடி கம்பெனியே சில நாடுகளில் காயில் ஸ்பிரிங்கோடு விற்றது. கம்பெனி கணக்குப் போட்டுச் செய்த ஸ்பிரிங் இருக்கிறது, கோடிங் செய்து ஏர் சஸ்பென்ஷன் இல்லாத வண்டி என்று கணினிக்குச் சொல்லவும் வழி இருக்கிறது. டபிள்யூ221க்கு அப்படி இல்லை. வெளியார் கிட்டை நம்பவேண்டும், அதில் ஸ்பிரிங்கின் பலம் உங்கள் எஞ்சினுக்கும் நீளத்துக்கும் ஏற்றதா என்று கேட்டு வாங்கவேண்டும். போட்டோ பார்த்து வாங்கினால் மூக்கு தூக்கிக்கொண்டு நிற்கும்.

எதை இழக்கிறோம் என்பதையும் யாரும் சொல்வதில்லை. ஐந்து பேரும் பெட்டிகளுமாக திருவண்ணாமலைக்குக் கிளம்பினாலும் ஏர் சஸ்பென்ஷன் அதே உயரத்தில் நிற்கும். ஸ்பிரிங், பாரம் ஏறினால் இறங்கும், தனியாகப் போகும்போது தூக்கிப்போடும். ஷாக்கின் இறுக்கத்தை மாற்றும் வசதியும் போகும். எச்சரிக்கை விளக்கை அணைக்க ஃபியூஸைப் பிடுங்குபவரிடம் ஜாக்கிரதை, அந்த ஃபியூஸில் வேறு என்னென்ன தொங்குகிறது என்று பார்த்திருக்கமாட்டார். சரியான கிட்டில் அதற்கான ரெசிஸ்டரோ மாட்யூலோ வரும். உயரம் மாறியபின் ஹெட்லைட் மட்டமும் வீல் அலைன்மென்டும் பார்த்தே ஆகவேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. ஆகவே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

என் வண்டிக்கு வருகிறேன். வில்சன் கார்டனில் தர்மபுரிக்காரர் ஒருவர், “எந்த மூலை சார், எத்தனை மணிக்குள்ள உட்காருது?” என்று கேட்ட முதல் ஆள். ஸ்ட்ரட்டின் தலையில் குழாய் சேரும் பித்தளை இணைப்பில் நுரை வந்தது. அதை மாற்றினார், அரைநாள் வேலை. எரியாத பழைய கம்ப்ரஸர் எங்கே என்று முதல் ஒர்க்ஷாப்பில் கேட்டபோது “ஸ்கிராப்ல போட்டோம் சார்” என்றார்கள்.

மச்சான் நன்றாகக் கணக்குப் பார்த்து ஸ்பிரிங்குக்கே மாறிவிட்டார், இதுவரை குறை சொல்லவில்லை. வண்டியை விற்கும்போது கேட்பார்கள் என்று கழற்றிய ஸ்ட்ரட்டுகளைப் பால்கனியில் அடுக்கி வைத்திருக்கிறார். அக்கா அதன்மேல் பலகை போட்டு வடாம் காயவைக்கிறாள்.