திருச்சி – யாழ்ப்பாணம்: விமானத் தொலைவையும் பயண நேரத்தையும் நாமே கணக்கிடும் முறை

திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே 2025இல் நேரடி விமானச் சேவை தொடங்கியது. தொலைவை விமானத்தின் வேகத்தால் வகுத்தால் 22 நிமிடம்தான் வருகிறது. பயணச்சீட்டிலோ ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்றிருக்கிறது. இரண்டும் சரியே என்பது கையால் ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தால் விளங்கும். பள்ளியில் படித்த பிதகோரஸ் தேற்றமே இதற்குப் போதும்.

படி 1: ஆயங்களை, அதாவது இரு இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். திருச்சி விமான நிலையம் 10.77 பாகை வடக்கு, 78.71 பாகை கிழக்கு. யாழ்ப்பாண விமான நிலையம் நகருக்குள் இல்லை. வடக்கே பலாலியில், 9.79 வடக்கு, 80.07 கிழக்கில் உள்ளது. ஆகவே நகரின் ஆயங்களை எடுக்காதீர்கள். வரைபடங்கள் சில 80 பாகை 4 கலை என்றும் தரும். ஒரு பாகைக்கு 60 கலை என்பதால் அது 80.07 ஆகும், 80.4 என்று எழுதிவிட்டால் கிழக்கு நோக்கிய தொலைவில் மட்டும் 36 கிலோமீட்டர் கூடிவிடும்.

படி 2: வித்தியாசங்களைக் கடல் மைலாக்குங்கள். அட்சரேகையில் ஒரு கலை என்பது ஏறத்தாழ ஒரு கடல் மைல் (1.852 கிலோமீட்டர்); எனவே 0.98 பாகை வித்தியாசம் 58.8 கடல் மைல் ஆகிறது. தீர்க்கரேகைகள் துருவங்களை நோக்கி நெருங்கிச் செல்வதால், 1.36 பாகையை 60ஆல் பெருக்கியபின், இரு இடங்களின் சராசரி அட்சரேகையான 10.28 பாகையின் கோசைனாலும் (0.984) பெருக்க வேண்டும், 80.3 கிடைக்கும். கைப்பேசிக் கால்குலேட்டரில் கோசைன் மதிப்பு கழித்தல் குறியோடு வந்தால், அது ரேடியன் என்ற வேறொரு கோண அலகில் இருக்கிறது என்று பொருள், பாகைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 3: இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 99.5 கடல் மைல், 1.852ஆல் பெருக்கினால் சுமார் 184 கிலோமீட்டர். இவ்வளவு குறுகிய தொலைவுக்குப் பூமியின் வளைவு பெரிதாகக் குறுக்கிடாது. திருச்சி – சிங்கப்பூர் போன்ற நீண்ட வழிகளுக்குக் கோள முக்கோணவியல் சூத்திரமே பொருத்தம்.

படி 4: நேரம். இவ்வழியில் பறக்கும் ஏடிஆர் 72 விமானத்தின் உச்சப் பயண வேகம் மணிக்குச் சுமார் 275 கடல் மைல். 99.5ஐ அதனால் வகுத்து 60ஆல் பெருக்கினால் அந்த 22 நிமிடம் வரும். ஆனால், புறப்பட்டு மேலேறும்போதும் இறங்கத் தொடங்கிய பின்பும் அந்த வேகம் இருப்பதில்லை. ஓடுபாதையின் திசைக்கேற்ப வளைந்து திரும்பவும் வேண்டும். இவற்றுக்காக 12 முதல் 15 நிமிடம் சேர்ப்பது என் வழக்கம். அட்டவணை நேரமோ, சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்குவதிலிருந்து, மறுமுனையில் வந்து நிற்பது வரை கணக்கிடப்படுவது. தரையில் ஊர்ந்து செல்லும் நேரத்தையும் சிறு தாமதங்களுக்கான இடைவெளியையும் அதில் சேர்த்தால், ஒரு மணி நேரத்தை நெருங்கிவிடுகிறோம்.

காற்றைப் பற்றி இங்கே அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் எதிர்க்காற்று வீசினாலும் 22 நிமிடம் 23 சொச்சம் ஆகும், அவ்வளவுதான்.

அட்டவணையிலிருந்து பயண நேரத்தைச் சரிபார்ப்பவர்கள், அதில் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரமே அச்சிடப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இலங்கை 2006இல் இந்திய நேரத்துக்கே திரும்பிவிட்டதால் இவ்வழிக்கு நேரடியாகக் கழித்தாலே போதும். சிங்கப்பூருக்குப் பார்ப்பவர்கள், வந்த விடையிலிருந்து மேலும் இரண்டரை மணி நேரத்தைக் கழிக்க வேண்டும்.