கண்ணாடி நுண்குமிழிகள் கலந்த எப்பாக்சி நுரையை வார்த்துச் சோதிக்கும் முறை

உள்ளீடற்ற கண்ணாடி நுண்குமிழிகளை எப்பாக்சி ரெசினில் (ஹார்டனர் என்ற கெட்டிப்படுத்தும் திரவம் சேர்ந்ததும் இறுகும் பிசின்) கலந்து வார்த்தால் கிடைப்பது சின்டாக்டிக் ஃபோம். ஆல்வின் போன்ற ஆழ்கடல் மூழ்கு கலங்களுக்கு மிதப்பைக் கொடுப்பது இதுவே. முட்டம், குளச்சல் பகுதிகளில் ஃபைபர் வள்ளம் கட்டுவோரும், நாகர்கோவில் பக்கத்துப் பொறியியல் மாணவர்களும் சிறிய அளவில் இதைச் செய்து பார்க்கலாம். ஆனால் துண்டு இலேசாக வந்துவிட்டது என்பதாலேயே அது நன்றாக வந்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. குமிழியால் வந்த இலேசு பாரம் தாங்கும். கலக்கும்போது சிக்கிய காற்றால் வந்த இலேசு தாங்காது.

முதலில் குமிழிகளைச் சோதியுங்கள். ஒரு கரண்டிப் பொடியைத் தண்ணீர் நிறைந்த கண்ணாடிக் குவளையில் கலக்கி ஓர் இரவு அசையாமல் வைத்தால், முழுக் குமிழிகள் மேலே வெண்படலமாக ஒதுங்கும். உடைந்தவை அடியில் படியும். படிவு கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் அளவுக்கு இருந்தால் அந்தப் பையைப் பயன்படுத்தாதீர்கள். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் நனைக்கிற மாவட்டம் இது என்பதால், திறந்த பையிலுள்ள பொடி ஈரம் பிடித்துக் கட்டி தட்டும். 100 டிகிரி செல்சியசில் இரண்டு மணி நேரம் உலர்த்தி, சலித்து எடுங்கள். மூச்சோடு உள்ளே போகக்கூடிய தூசு இது. முகக்கவசம் இல்லாமல் பையைப் பிரிக்கவே வேண்டாம்.

அளவைக் கோப்பையால் அளக்காமல் எடையால் அளக்க வேண்டும். எப்பாக்சியின் அடர்த்தி மி.லி.க்கு 1.16 கிராம், குமிழியின் அடர்த்தி 0.38 என்றால், கனஅளவில் சரிபாதி குமிழியாக அமையும் 200 மி.லி. வார்ப்புக்கு, ஹார்டனரையும் சேர்த்து 116 கிராம் எப்பாக்சியும் 38 கிராம் குமிழியும் தேவைப்படும். கணக்குப்படி 100 மி.லி.யான அந்த 38 கிராம், குமிழிகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதால், கோப்பையில் ஏறக்குறைய 160 மி.லி. வரை நிற்கும். கோப்பையை நம்பியவரின் கணக்கு இங்கேயே தவறிப்போகும். குமிழியின் பங்கு 60 சதவீதத்தைத் தாண்டினால் எல்லாவற்றையும் நனைக்க ரெசின் போதாமல் துளைகள் பெருகும்.

ரெசினையும் ஹார்டனரையும் நன்றாகக் கலந்த பிறகு, குமிழிகளைச் சிறிது சிறிதாகச் சேர்த்து மரக்கோலால் மெதுவாகக் கிளறுங்கள். டிரில்லில் மாட்டும் கலக்கி குமிழிகளை உடைப்பதோடு காற்றையும் உள்ளே இழுக்கும். வெற்றிடப் பம்பு இருந்தால் கலவையிலுள்ள காற்றை நீக்கிவிட்டு அச்சில் ஊற்றலாம். எப்பாக்சி இறுகும்போது வெப்பம் வெளிப்படும்; குமிழி அதை எளிதில் கடத்தாது. கனமாக ஊற்றிய வார்ப்பின் நடுப்பகுதி சூடேறி வெடிப்பு விடும். ஆகவே ஓர் அங்குலத்துக்கு மேற்படாத அடுக்குகளாக ஊற்றுவதே நல்லது. குமிழி குறைவான கலவையில் அவை மேலே மிதந்து ஒதுங்கும் என்பதால், வார்ப்பின் மேற்பகுதியையும் அடிப்பகுதியையும் தனித்தனியே வெட்டி நிறுத்துப் பாருங்கள்.

அமுக்கச் சோதனைக்கு ஏஎஸ்டிஎம் டி 695 என்ற சோதனைத் தர முறைப்படி 12.7 × 12.7 × 25.4 மி.மீ. துண்டுகள் போதும். இயந்திரத்தில் வைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் வெர்னியரால் அளந்து, நகைக்கடைத் தராசு போன்ற நுண்தராசில் நிறுக்க வேண்டும். மேற்கண்ட கலவையின் கணக்கு அடர்த்தி 0.77; ஆகவே ஒரு துண்டு சுமார் 3.15 கிராம் இருக்க வேண்டும். 2.95 கிராம்தான் இருக்கிறதென்றால், அடர்த்தி 0.72, 6.5 சதவீதம் காற்றுத் துளை என்று பொருள். 3.40 கிராம் என்றால் குமிழிகள் உடைந்திருக்கின்றன, அல்லது ஒதுங்கிப் போயிருக்கின்றன. இந்தக் கணக்கை எழுதி வைக்காத வலிமை எண்களை நான் பொருட்படுத்துவதில்லை.

நிமிடத்துக்கு 1.3 மி.மீ. வேகத்தில் அமுக்குங்கள். துண்டு அமுங்க அமுங்க அது தாங்கும் பாரத்தைக் காட்டும் வரைபடம் நேராக ஏறி, உச்சம் தொட்டு, சற்று இறங்கி, நெடுந்தூரம் சமமாக ஓடும். அந்தச் சமதளம் குமிழிகள் அடுக்கடுக்காக நொறுங்கும் கட்டம். முழுவதும் நொறுங்கிய பின் கோடு மீண்டும் ஏறும். உடைந்த துண்டில் சாய்வாக ஓடும் வெள்ளைப் பட்டையை விரலால் தேய்த்தால் கண்ணாடித் தூள் ஒட்டும். கையுறை அணிந்து தேய்க்கவும். தடித்த சுவர்க் குமிழிகளைக் கூட்டினால் மீட்சிக் குணகம் (விறைப்பின் அளவு) உயரக்கூடும், மெல்லிய சுவரானால் குறையும். இழுவிசையில் நிலைமை வேறு: ரெசினும் கண்ணாடியும் பிரிவதால், குமிழி கூடக்கூட இழுவலிமை பொதுவாகக் குறையும். கண்ணாடியையும் ரெசினையும் பிணைக்கும் சிலேன் என்ற வேதிப்பொருள் பூசிய குமிழிகள் அந்தப் பிடிப்பைச் சற்று மேம்படுத்தும்.

வள்ளத்தின் மிதப்பு அறைக்கு இது ஏற்றதல்ல, 0.77 அடர்த்தியில் லிட்டருக்குக் கால் கிலோ அளவே மிதப்புக் கிடைக்கும், பாலியூரிதேன் நுரை அதைவிட எவ்வளவோ மேல். அமுக்கம் விழும் இடங்களுக்கு இதைக் கருதலாம். அதற்கு முன் சில துண்டுகளைக் கடல்நீரில் ஊறவைத்து, வாரந்தோறும் துடைத்து நிறுத்து, எடை ஏறுவது நின்ற பிறகு மறுபடியும் அமுக்கிப் பாருங்கள்.