அரிப்பு நின்றால் நோய் நின்றதாகுமா? தோல் நோய்களில் மலையகத்தில் நாம் செய்யும் தவறுகள்

தோலில் எது வந்தாலும் நம் ஆட்கள் முதலில் கேட்பது "அரிக்குதா?" என்றுதான். அரித்தால் மருந்து தேடுவோம். அரிக்காவிட்டால் "சும்மா தேமல்" என்று விட்டுவிடுவோம். பூசியதும் அரிப்பு அடங்கினால் நல்ல மருந்து, அடங்காவிட்டால் கெட்ட மருந்து. இந்த ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு எல்லாத் தோல் நோயையும் அளக்கப் போவதில்தான் லயத்திலும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளிலும்) டவுனிலும் நான் பார்க்கிற பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

படையும் அந்த டியூபும்

லயத்துக் காம்பராவின் சன்னல் கட்டையில், சீப்புக்கும் திருநீற்றுத் தட்டுக்கும் நடுவில், ஒரு டியூப் கிடக்கும். அடிப்பாகம் மூன்று நான்கு மடிப்பு மடிக்கப்பட்டிருக்கும். பெயர் எழுத்துகள் விரல் பட்டுத் தேய்ந்திருக்கும். யாருக்கு, எப்போது, எதற்காக எழுதிக் கொடுத்தது என்று வீட்டில் ஒருவருக்கும் நினைவிருக்காது. படை வந்தால் அது, பூச்சி கடித்தால் அது, பிள்ளையின் தொடை இடுக்கு சிவந்தால் அது. அடுத்த காம்பராவில் கேட்டாலும் அதுதான் போகும். "பூசிப் பாருக்கா, அன்னைக்கே அடங்கிரும்."

அடங்கத்தான் செய்யும். அதில் அநேகமாக இருப்பது பீட்டாமெத்தசோன் அல்லது குளோபெட்டசோல் போன்ற ஒரு ஸ்டீராய்டு. படை என்பது தோலின் மேலடுக்கைத் தின்று வாழும் ஒரு பூஞ்சை. சிவப்பும் அரிப்பும் அந்தப் பூஞ்சைக்கு எதிராக உடம்பு காட்டும் எதிர்ப்பு. ஸ்டீராய்டு இந்த எதிர்ப்பைத்தான் அமுக்குகிறதே தவிர, பூஞ்சையைத் தொடுவதில்லை. காவல் நாய்க்கு மயக்க மருந்து கொடுத்துவிட்டு, குரைப்பு நின்றதால் திருடன் போய்விட்டான் என்று நினைப்பதைப் போன்றது இது. நாலு நாள் பூசி நிறுத்தினால் படை முன்பைவிட அகலமாகத் திரும்பி வரும். மறுபடி பூசுவோம், மறுபடி அடங்கும். மாதக்கணக்கில் இப்படியே போனால் வட்டமான தெளிவான ஓரம் அழிந்து, தோல் வைத்தியரே பார்த்தவுடன் படை என்று சொல்ல முடியாத உருவத்துக்கு வந்துவிடும். தொடை இடுக்கிலும் அக்குளிலும் தோல் மெலிந்து வரி வரியாக வெடிக்கும். அந்த வரிகள் பிறகு மறையாது.

பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கிருமிக்கொல்லியும் சேர்த்த கலப்புக் களிம்புகள் இன்னும் ஏமாற்றக்கூடியவை. எல்லாம் இருப்பதால் எல்லாவற்றுக்கும் ஆகும் என்ற எண்ணம் வரும். பாமசியில் "படைக்கு ஒண்ணு குடுங்க" என்று மட்டும் கேட்காமல், ஸ்டீராய்டு சேராத பூஞ்சை மருந்து வேண்டும் என்று கேளுங்கள். குளோட்ரிமசோல், மைக்கோனசோல், டெர்பினஃபின் என்பவை அப்படிப்பட்டவை. படையின் ஓரத்தைத் தாண்டி இரண்டு விரல் அகலத்துக்குப் பூச வேண்டும். கண்ணுக்கு மறைந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் தொடர வேண்டும். "மாறிருச்சு" என்று பாதியில் விடுவதுதான் இங்கே இரண்டாவது பெரிய தவறு. இப்போது தெற்காசியா முழுவதும் வழக்கமான மருந்துக்கு எளிதில் மசியாத படை பரவிக் கிடக்கிறது. உடம்பின் பல இடங்களில் வந்தாலோ, தலையிலோ நகத்திலோ வந்தாலோ களிம்பு போதாது. வாரக்கணக்கில் மாத்திரை தேவைப்படும், அதை வைத்தியர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மலையில் வேலை செய்கிறவர்களுக்கு இது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்கு உடம்பே சாட்சி. கொழுந்து பறிக்கிற பெண்கள் இடுப்பில் படங்கு (நனையாமலிருக்கக் கட்டும் தடித்த விரிப்பு) கட்டி, மேலே கயிற்றை இறுக்கிக்கொண்டு நிற்கிறார்கள். மழையும் பனியும் மேலேயிருந்து நனைக்க, உள்ளே வியர்வை வெளியேற வழியில்லாமல் நிற்கும். கயிறு அழுத்தும் அதே கோட்டில், இடுப்பைச் சுற்றி, படை வளையமாகப் போகும். மாலையில் வந்து அடுப்படி வேலையை முடித்த பிறகுதான் உடுப்பு மாற்றுகிறார்கள். வந்தவுடன் ஈர உடுப்பை மாற்றி, இடுப்பையும் கால்விரல் இடுக்கையும் துடைத்து உலர்த்துவது மருந்தில் பாதி. மறுநாள் கட்டும் படங்கின் உட்பக்கத்தையும் துடைத்துக் காயவைக்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே துவாய் என்றால், ஒருவருக்கு மாறும்போது இன்னொருவருக்கு ஆரம்பிக்கும்.

பூட்ஸ் போடுகிறவர்களின் கால்விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண்ணையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். சீனி வருத்தம் (நீரிழிவு) உள்ளவர்கள் அதைச் சின்ன விஷயமாக எடுக்கக் கூடாது. அந்த வெடிப்பு வழியாகக் கிருமி ஏறிக் கால் முழுக்க வீங்கி, காய்ச்சலோடு வார்டில் படுக்க நேரிடும்.

சொறி: ஒருவருக்குப் பூசினால் ஒருவருக்கும் மாறாது

ராத்திரியில் அதிகமாகும் அரிப்பு, விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, ஆண்களுக்குப் பிறப்புறுப்பில் சிறு சிறு பொரிகள், வீட்டில் இன்னொருவருக்கும் அதே தொல்லை. இப்படியென்றால் அது சொறிதான் என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுண்ணி தோலுக்குள் குடைந்து முட்டையிடுகிறது. "சுத்தமில்லாத வீட்டுலதான் வரும்" என்ற பேச்சால் பலர் வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். சுத்தத்துக்கும் இதற்கும் பெரிய தொடர்பில்லை. ஒரே காம்பராவில் ஆறு பேர் ஒரே கம்பளிக்குள் படுத்தால் சொறி வரத்தான் செய்யும். அது படுக்கிறவர்களின் குற்றமல்ல, காம்பராவின் அளவு அப்படி.

இங்கே அரிப்பு என்ற அளவுகோல் இரண்டு பக்கமும் பொய் சொல்கிறது. முதல் தடவை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்க நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம். அதுவரை அவர் உடம்பில் உண்ணி இருக்கும், அரிப்பு இருக்காது. "எனக்கு ஒண்ணும் இல்லையே" என்று மருந்து பூச மறுக்கிற அப்பாவிடமிருந்துதான் பிள்ளைகளுக்கு மறுபடி தொற்றுகிறது. மறுபக்கம், சரியாக மருந்து பூசி உண்ணியெல்லாம் செத்த பிறகும் இரண்டு முதல் நாலு வாரம் அரிப்பு இருக்கும், செத்த உண்ணிக்கும் அதன் எச்சத்துக்கும் தோல் காட்டும் ஒவ்வாமை அது. மருந்து பிடிக்கவில்லை என்று நினைத்துத் தினமும் பூசித் தோலைப் புண்ணாக்கிக்கொள்கிறவர்கள் உண்டு.

வழக்கமான மருந்து 5 சதவீத பெர்மெத்ரின் கிரீம். வீட்டில் உள்ள அத்தனை பேரும், அரித்தாலும் அரிக்காவிட்டாலும், ஒரே ராத்திரியில் பூச வேண்டும். அரிக்கிற இடத்தில் மட்டும் பூசுவது வீண். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரல் இடுக்கு, நகத்துக்கு அடி, தொப்புள், பின்புறம், பிறப்புறுப்பு எதையும் விடாமல் பூசி, எட்டிலிருந்து பதினாலு மணி நேரம் கழித்துக் குளிக்க வேண்டும். ராத்திரி கை கழுவினால் கையில் மறுபடி பூச வேண்டும். ஒரு வாரம் கழித்து எல்லோரும் இன்னொரு தடவை பூச வேண்டும். கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் எதை எப்படிப் பூசுவது என்று குடும்ப நல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள்.

உடுப்பையும் கம்பளியையும் வெந்நீரில் அலசி வெயிலில் போடு என்று எல்லோரும் சொல்வார்கள். ஜூன், ஜூலையில் மஸ்கெலியாவிலும் நோர்வூட்டிலும் வெயிலுக்கு எங்கே போவது? கம்பளி ஒரு வாரமானாலும் காயாது. அதற்குச் சுலபமான மாற்று வழி இருக்கிறது. மனித உடம்பை விட்டு விலகினால் சிற்றுண்ணி இரண்டு மூன்று நாளுக்கு மேல் உயிரோடு இருக்காது. துவைக்க முடியாததையெல்லாம் பெரிய பொலித்தீன் பையில் திணித்து, இறுகக் கட்டி, ஒரு வாரம் மூலையில் வைத்தால் போதும்.

சொறியைச் சொறிந்து அது சீழ் பிடித்துச் சிரங்காக மாறுவதைப் பிள்ளைகளிடம் அலட்சியப்படுத்தாதீர்கள். சிரங்கில் வரும் ஒரு வகைக் கிருமியால் சில வாரம் கழித்துச் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். காலையில் முகம் உப்பியிருந்து, சிறுநீர் பிளேன்டீ (பால் சேராத தேநீர்) நிறத்தில் போனால் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

அரிக்காததுதான் கவனிக்க வேண்டியது

வெளிறிய அல்லது செம்பு நிறத் தழும்பு. அரிக்காது, வலிக்காது. தேமல் என்று நினைப்போம். தேமலாகவே இருக்கலாம். தேமல் பொதுவாகக் கழுத்து, நெஞ்சு, முதுகில் பல திட்டுகளாக வந்து, மெல்லச் சுரண்டினால் மாவு போலச் செதில் உதிரும். தேமல் மருந்து பூசிக் குணமான பிறகும் வெள்ளை மறைய மாதக்கணக்காகும், அதைப் பார்த்து மருந்தை மாற்றிக்கொண்டே இருக்கத் தேவையில்லை.

ஆனால் அது தொழுநோயாகவும் இருக்கலாம். தொழுநோய்த் தழும்பில் உணர்ச்சி குறைந்திருக்கும். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பஞ்சைத் திரித்து நுனியைக் கூராக்கி, அவரைக் கண்ணை மூடச் சொல்லி, நல்ல தோலிலும் தழும்பிலும் மாறி மாறித் தொட்டு, "எங்க தொட்டேன்?" என்று கேளுங்கள். தழும்பைத் தொட்டபோது பேசாமல் இருந்தால் தாமதிக்காமல் காட்ட வேண்டும். சரியாகச் சொல்லிவிட்டாலும் தழும்பு மாறாமல் நின்றால் காட்டத்தான் வேண்டும். இலங்கையில் இந்த நோய் ஒழிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். 1995இல் அடைந்தது, பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையைத்தான். இன்றும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய நோயாளர்கள் கண்டுபிடிக்கப்படுகிறார்கள், அவர்களில் பிள்ளைகளும் உண்டு. கொழும்பில் கடைகளிலும் கட்டட வேலையிலும் நெருக்கமான அறைகளில் தங்கி, தீபாவளிக்குத் தோட்டத்துக்கு வருகிற பிள்ளைகளின் முதுகையும் ஒரு தடவை பாருங்கள். கிருமி தொற்றி நோய் தெரிய ஐந்து ஆண்டு கூட ஆகலாம்.

மருந்து அரசாங்கத்தில் இலவசம். நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம். மருந்து தொடங்கியதும் வெகு சீக்கிரம் தொற்று நின்றுவிடும், அதனால் தட்டு வேறு, பாய் வேறு என்று பிரித்து வைக்கத் தேவையில்லை. மருந்து தொடங்கிய பிறகு சிறுநீர் சிவப்பாகப் போவதையும் தோல் கறுப்பதையும் பார்த்துப் பயந்து பாதியில் விடுகிறவர்கள் உண்டு. அவை மருந்தின் நிறங்கள். கவலைப்பட வேண்டியது, சொல்லாமல் வைத்திருந்து நரம்பு கெட்டு விரல் மடங்கிய பிறகு வருவதைப் பற்றித்தான்.

வலிக்காத இன்னொன்று, மணல் ஈ கடித்து வரும் லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணி நோய். முகத்திலோ கையிலோ சிறு கட்டியாக வந்து, மெல்லப் புண்ணாகி, மாதக்கணக்கில் ஆறாமல் நிற்கும். மாத்தளைப் பக்கமோ வறண்ட வலயத்திலோ வேலைக்குப் போய் வந்தவருக்கு இப்படி இருந்தால் "ஆறாத கடி" என்று களிம்பு பூசிக்கொண்டிருக்காமல் தோல் கிளினிக்கில் காட்டுங்கள்.

அக்கியும் கைவைத்தியமும்

அக்கிக்குக் காவியால் எழுதுவது, அம்மைக்கு வேப்பிலை கட்டுவது இரண்டும் நம்மோடு வந்தவை. அவற்றைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. காவி பூசுவதால் அக்கிக்குக் கெடுதல் பெரிதாக இல்லை. நேரம் போவதுதான் கெடுதல். கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மருந்து தொடங்கினால் பலன் அதிகம். எழுதி முடித்து மூன்று நாள் பார்த்துவிட்டுப் போனால் அந்த நேரம் தாண்டியிருக்கும். எழுதிக்கொண்டே மருந்தும் எடுக்கலாம். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ அக்கி வந்தால் கண்ணைக் கெடுக்கும், அன்றே போக வேண்டும். அம்மைக் காய்ச்சலுக்குப் பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கொடுக்கவே கூடாது. பரசிட்டமோல் போதும்.

படையில் பச்சைப் பூண்டை அரைத்துக் கட்டுவதும், தேசிக்காயைத் தேய்த்துவிட்டு வெயிலில் மலைக்குப் போவதும் வேறு கதை. பூண்டு தோலைச் சுட்டுக் கொப்புளமாக்கும். தேசிக்காய்ச் சாறு வெயில் பட்டால் பொங்கிக் கறுக்கும். பற்றரித் தண்ணீர், மண்ணெண்ணெய் இரண்டையும் தோல் பக்கமே கொண்டுபோகாதீர்கள். கலியாணத்துக்கு முன் வெள்ளையாகிறேன் என்று லேபிளில் சேர்மானம் எழுதாத கிரீமை வாங்கிப் பூசுவதும் இந்த வகைதான். அப்படிப்பட்ட கிரீம்களில் பாதரசமோ கடுமையான ஸ்டீராய்டோ இருக்கலாம். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

நுவரெலியா, கந்தப்பளைக் குளிரில் தோல் வறண்டு வெடித்து அரிப்பதற்கு மருந்தே வேண்டாம். கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் நெடுநேரம் குளிப்பதை விட்டு, வெதுவெதுப்பான நீரில் குளித்து, உடம்பு ஈரமாக இருக்கும்போதே தேங்காயெண்ணெயோ வாசலினோ பூசினால் போதும்.

கிளினிக்குக்குப் போகும்போது

காலையில் எதையும் பூசாமல் போங்கள். படையா என்று பார்க்கத் தோலைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் எடுப்பார்கள், களிம்பு அப்பியிருந்தால் பார்ப்பது சிரமம். முன்பு பூசிய டியூபையெல்லாம், காலியானதையும், பையில் போட்டுக்கொண்டு போங்கள். வந்து மறையும் தடிப்பு என்றால் வரும்போதே போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சிங்களம் சரளமாக வராதென்றால் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது, எத்தனை நாளாக இருக்கிறது, என்ன வேலை செய்கிறீர்கள் என்ற மூன்றையும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். செடிக்கு மருந்தடிக்கிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும், கையிலும் முகத்திலும் வரும் பல தடிப்புகளுக்கு அதுவே காரணமாக இருக்கும்.

கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாதவையும் உண்டு. புது மாத்திரை தொடங்கிய சில நாளில் அல்லது வாரத்தில் காய்ச்சலோடு உடம்பெல்லாம் தடித்து, வாயும் கண்ணும் புண்ணாகி, தோல் உரியத் தொடங்கினால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே போக வேண்டும். கடும் காய்ச்சலோடு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிவப்புப் புள்ளி வந்தாலோ, காட்டு உண்ணி கடித்த இடத்தில் பீடியால் சுட்டது போலக் கறுத்த பொருக்கு இருந்தாலோ தாமதிக்காதீர்கள். விறகுக்குக் காட்டுக்குப் போனதையும் சொல்லுங்கள். முகமும் உதடும் வீங்கி மூச்சு வாங்கினால் 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். லயத்து வாசல் வரை வண்டி ஏறாத தோட்டமென்றால், அழைக்கும்போதே ஆளைத் தூக்கிக்கொண்டு பெரிய ரோட்டுக்கு இறங்க நாலு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.