தொகுதி மறுவரையறை: கணக்கை நீங்களே போட்டுப் பார்ப்பது எப்படி

மக்கள்தொகைக்கு ஏற்பத் தொகுதிகளின் எண்ணிக்கையையும் எல்லைகளையும் மாற்றும் மறுவரையறை வந்தால் தமிழ்நாட்டுக்கு எத்தனை மக்களவைத் தொகுதிகள்? 32, 43, 52 என மூன்று விடைகளும் கணக்குப்படி சரியாகவே இருக்கலாம். எந்த நிபந்தனையில் எந்த எண் பிறக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு தாளும் கால்குலேட்டரும் போதும்.

முதலில் விதியைப் படியுங்கள். மக்கள்தொகைக்கும் தொகுதி எண்ணிக்கைக்கும் உள்ள விகிதம் எல்லா மாநிலங்களிலும் கூடியவரை ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 81-வது பிரிவு. ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பிறகும் அதைச் சரிசெய்யச் சொல்கிறது 82-வது பிரிவு. 1962 தேர்தலில் 41 தொகுதிகள் இருந்த நமக்கு 1967-ல் 39 ஆனது இந்த வழியில்தான். 1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில் வந்த 42-வது திருத்தம், மாநிலங்களின் தொகுதி எண்ணிக்கையை 1971 கணக்கெடுப்போடு நிறுத்தி வைத்தது. குடும்பக் கட்டுப்பாட்டை முனைப்பாகச் செய்த மாநிலம் அதனாலேயே இடங்களை இழக்கக் கூடாது என்பது காரணம். 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை அதை நீட்டித்தது 84-வது திருத்தம். ஒரு வாக்குக்கு ஒரே மதிப்பு, மாநிலங்களுக்கு நியாயம் ஆகிய இரண்டு வாக்குறுதிகளும் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

இனி வகுத்தல். 1971 கணக்கெடுப்புப்படி தமிழ்நாடு 4.12 கோடி, 39 தொகுதிகள், தொகுதிக்கு 10.6 லட்சம் பேர். கேரளம் 2.13 கோடி, 20 தொகுதிகள், 10.7 லட்சம். ராஜஸ்தான் 2.58 கோடி, 25 தொகுதிகள், 10.3 லட்சம். ஏறக்குறைய சமம். அதே தொகுதிகளை 2011 மக்கள்தொகையோடு வைத்துப் பாருங்கள்: தமிழ்நாடு (7.21 கோடி) 18.5 லட்சம், கேரளம் (3.34 கோடி) 16.7 லட்சம், ராஜஸ்தான் (6.85 கோடி) 27.4 லட்சம். ராஜஸ்தான் வாக்காளரின் மனக்குறையிலும் நியாயம் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு நம் வாதத்தை வலுவாக்க முடியாது.

இன்றுபோல மொத்தம் 543 இடங்களே என்றால், இந்தியாவின் 2011 மக்கள்தொகையான 121.09 கோடியை 543-ஆல் வகுக்க 22.3 லட்சம் வரும். 7.21 கோடியை அதனால் வகுத்தால் தமிழ்நாட்டுக்கு 32, கேரளத்துக்கு 15, ராஜஸ்தானுக்கு 31.

பெரிய மாநிலம் எதற்கும் தொகுதி குறையக் கூடாது என்றால், கேரளத்தின் 16.7 லட்சத்தை அளவாக வைக்க வேண்டும். மக்களவை சுமார் 725 இடங்கள் கொண்டதாகும், தமிழ்நாடு 43 பெறும். 39 என்பது 43 ஆனால் லாபம் போலத் தெரியும். ஆனால் 543-ல் 39 என்பது 7.2 சதவீதம், 725-ல் 43 என்பது 5.9 சதவீதம். அவையில் வாக்கெடுப்பு நடக்கும்போது எடுபடுவது இந்தப் பங்குதான். அதனால், "ஒரு தொகுதியும் குறையாது" என்று யார் உறுதி தந்தாலும், பங்கு என்ன ஆகும் என்று கேளுங்கள்.

மூன்றாவது வழி, இன்றைய பங்கை அப்படியே வைத்து எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் கூட்டுவது. 725 இடங்களில் நமக்கு 52 வரும். ஆனால் ராஜஸ்தானுக்கும் நமக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வு துளியும் மாறாது.

கணக்கு பிசகுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, பிரிந்த மாநிலங்கள். 1971-ன் உத்தரப் பிரதேசத்துக்கு 85 தொகுதிகள், அதில் 5 இன்று உத்தராகண்டில். பழைய மக்கள்தொகையை இன்றைய 80-ஆல் வகுத்தால் விடை தவறும். மற்றொன்று, 2002-ல் அமைந்த மறுவரையறை ஆணையத்தின் வேலை. அது 2001 கணக்கெடுப்பை வைத்து மாநிலத்துக்குள் எல்லைகளை மாற்றியதே தவிர, மாநிலங்களின் தொகுதி எண்ணிக்கையைத் தொடவில்லை. இதைச் சான்றாகக் காட்டி "போன முறையும் யாருக்கும் குறையவில்லையே" என்பது பொருந்தாது.

ஒன்றிரண்டு இடங்கள் முன்பின் ஆகலாம். மக்கள்தொகை 60 லட்சத்துக்குக் குறைவான மாநிலங்களுக்கு 81-வது பிரிவின் விகித விதி கிடையாது; யூனியன் பிரதேசங்களுக்கும் தனி ஏற்பாடு. அதே பிரிவின் உச்சவரம்பு மாநிலங்களுக்கு 530, யூனியன் பிரதேசங்களுக்கு 20. ஆகவே 725 என்று யாராவது பேசினால், அதற்கு முன் அரசியலமைப்பைத் திருத்தியாக வேண்டும்.