தொழிலாளர் உரிமையை அரசியலமைப்பில் சேர்க்கச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூரில் சனிக்கிழமை சாயங்காலம் சம்பள நேரம். ஓவர்லாக் தைக்கும் ஓர் அக்கா தன் சின்ன நோட்டைக் காட்டினார். வாரம் முழுக்கத் தைத்த பீஸ் கணக்கு, நடுவில் இரண்டு நாளுக்கு வெறும் கோடு. துணி வரவில்லை, கூலியும் இல்லை. "இதையெல்லாம் அரசியல் சட்டத்துலயே எழுதிட்டா சரியாப் போயிருமுங்களா?" என்று கேட்டார்.

எழுதினால் போதும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. எந்த இடத்தில் எழுதுகிறோம் என்று பார்க்க வேண்டும். வாழ்வதற்கேற்ற கூலி 1950 முதலே 43-ஆம் பிரிவில் இருக்கிறது. பேறுகால உதவி 42-இல். நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கு 1976-இல் 43அ-வாகச் சேர்ந்தது. ஆனால் எல்லாமே நான்காம் பாகத்தில், அரசு நெறிமுறைக் கோட்பாடுகளில். இவற்றை நீதிமன்றம் போய் நிறைவேற்றிக்கொள்ள முடியாது என்று 37-ஆம் பிரிவே சொல்லிவிடுகிறது. கல்வியும் முன்பு 45-ஆம் பிரிவில் இப்படித்தான் கிடந்தது. 2002-இல் 86-ஆவது திருத்தம்தான் 6 முதல் 14 வயதுக் குழந்தைகளின் கல்வியை 21அ என்று அடிப்படை உரிமையாக்கியது. கூலிக்கும் அப்படி இடம் மாற்றச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

அதற்காக, இருப்பது எதற்கும் ஆகாது என்று ஒதுக்கிவிடவும் கூடாது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்கினால் அது 23-ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்று 1982-இல், ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனியார் முதலாளிக்கும் இது பொருந்தும். எனக்கு இன்றும் பெரிய தெம்பு தருகிற தீர்ப்பு.

சங்கம் வைக்கும் உரிமை இருப்பதால் வேலைநிறுத்த உரிமையும் கூடவே வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். வராது என்று 1961-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதைத் தனியாக எழுத வேண்டும்.

அப்புறம், யார் தொழிலாளி? சோமனூர், பல்லடம் பக்கம் கூலித்தறி ஓட்டுகிறவருக்குத் தறி சொந்தம், பாவும் நூலும் ஜவுளி உற்பத்தியாளருடையது. நெய்து கொடுத்தால் கூலி. மாதச் சம்பளக்காரரை மட்டும் மனதில் வைத்து எழுதினால் இவரும், இவர் தறியில் நிற்கும் குடும்பமும் வெளியே நிற்பார்கள்.

அந்தக் கோடு போட்ட இரண்டு நாள்? 41-ஆம் பிரிவு வேலையில்லாக் காலத்துக்கு அரசு உதவி உண்டு என்கிறது, 'பொருளாதார வசதிக்கு உட்பட்டு' என்ற நிபந்தனையோடு. புதிதாக எழுதும்போது அந்த நிபந்தனையை விட்டுவைக்கக் கூடாது என்றேன். அக்கா நோட்டை மடித்து மணிபர்ஸுக்குள் வைத்துக்கொண்டு, "அப்பொ அதையும் சேர்த்துக் கேளுங்க" என்றார்.